முதல் மனை வாங்கப் போறீங்களா? விற்றுப் பார்த்தவரைத் தேடுங்க!

"எனக்கு 27 வயது. சொந்த ஊர் ஈரோடு, வேலை சென்னையில். ஐந்து வருடச் சேமிப்பு 6 லட்சம் இருக்கிறது. அம்மா தன் நகையை அடகு வைத்து இன்னும் 3 லட்சம் தருகிறேன் என்கிறார். மதுராந்தகம் பக்கம் ஒரு மனை பார்த்திருக்கிறோம். சித்தப்பாவுக்குத் தெரிந்த ஒருவர்தான் காட்டினார். பவர் ஏஜென்ட்தான் கையெழுத்துப் போடுவாராம். இந்த மாதக் கடைசிக்குள் அட்வான்ஸ் கொடுத்துவிடச் சொல்கிறார். ரியல் எஸ்டேட்டில் இறங்குவதற்கு முன் ஒரு மென்டர் வேண்டும் என்று யூடியூபில் எல்லாரும் சொல்கிறார்கள். அப்படி ஒருவரை எங்கே போய்த் தேடுவது?"

போன வாரம் ஒரு வாசகி அனுப்பிய கேள்வி இது. இந்தப் பகுதிக்கு நிலம் பற்றி வரும் கேள்விகளில் பெரும்பாலானவை 'எந்த ஏரியாவில் விலை ஏறும்?' என்ற ரகம்தான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இருந்தால் நான் ஏன் டெஸ்க்கில் உட்கார்ந்து டைப் செய்துகொண்டிருக்கப் போகிறேன்! ஆனால் இந்த வாசகி கேட்டிருப்பது 'யாரிடம் கேட்பது?' என்று. அதற்குப் பதில் தேடலாம் என்று ஒரு வாரம் பத்திர எழுத்தர், வழக்கறிஞர், மனை வாங்கியவர், விற்றவர் என்று பலரிடம் பேசினேன்.

முதலில் ஒரு விஷயம். மனையைக் காட்டுகிறவர் உங்கள் மென்டர் கிடையாது. அவர் நல்லவராகவே இருக்கலாம். அந்தப் பகுதியில் எந்தக் கிணற்றில் உப்புத் தண்ணீர், எந்த வீட்டில் பங்காளிச் சண்டை என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஆனால் நீங்கள் வாங்கினால்தான் அவருக்குக் கமிஷன். "இது வேண்டாம்மா, விட்டுடு" என்று சொன்னால் அவருடைய அந்த மாத வரும்படி போச்சு. அவரிடம் போய் 'வாங்கலாமா?' என்று கேட்பது, இட்லிக் கடைக்காரரிடம் 'எனக்குப் பசிக்கிறதா?' என்று கேட்பது மாதிரி. அவரிடம் தகவல் கேளுங்கள். முடிவை மட்டும் கேட்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்திலிருந்து புறப்படும் இலவச வேன், சைட் விசிட், மதியம் பிரியாணி, அன்றே புக் செய்தால் தங்கக் காசு... இந்த வகையும் அப்படித்தான். தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டிய திட்டங்களில் மனை விற்கும் ஏஜென்டும் அங்கே பதிவு செய்திருக்க வேண்டும் என்பது சட்டம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லே-அவுட் என்றால் அந்தத் திட்டத்துக்கும் பதிவு எண் இருக்க வேண்டும். வேனில் ஏறும் முன்பே இரண்டு எண்களையும் கேட்டு, ஆணையத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்துவிடலாம். பிரியாணி சாப்பிட்ட பிறகு கேட்க நமக்கே கூச்சமாக இருக்கும்.

அடுத்த வகை, மேடை குருக்கள். இரண்டு நாள் வொர்க்‌ஷாப், பல ஆயிரம் ரூபாய் கட்டணம், 'ஒரு ரூபாய் கூட இல்லாமல் சொத்து வாங்குவது எப்படி?' என்ற தலைப்பு. இந்த மென்டர் பேச்சில் பாதி அமெரிக்கச் சரக்கு. 1997-ல் வந்த 'ரிச் டாட் புவர் டாட்' புத்தகத்துக்குப் பிறகு உலகம் முழுக்கப் பரவியது. வீட்டை வாங்கி, வெள்ளையடித்து, ஆறு மாதத்தில் விற்று லாபம் பார்ப்பது என்பதெல்லாம் அங்கிருந்து வந்த கதைகள். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரம் பதியவே 9 சதவிகிதம் கட்ட வேண்டியிருக்கும்போது அந்தக் கணக்கு இங்கே எப்படி உதைக்கும் என்று பின்னால் பார்ப்போம். மேடையில் நிற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கடைசியாக நீங்கள் விற்ற மனை எது சார்? விற்க எத்தனை மாதம் ஆனது?" பதில் சுற்றி வளைத்து வந்தால், அவருடைய வருமானம் நிலத்திலிருந்து வரவில்லை, உங்களைப் போன்றவர்கள் கட்டும் கட்டணத்திலிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ளலாம்.

'தெரிந்தவர் சொன்னார்' என்பதன் ஆபத்துக்குப் பெரிய உதாரணம் பி.ஏ.சி.எல். விவசாய நிலம் வாங்கித் தருகிறோம் என்று சொல்லி, ஊர் ஊராக ஏஜென்ட்டுகள் மூலம் பணம் திரட்டிய நிறுவனம். முதலீட்டாளர்களிடம் வசூலித்த சுமார் 49,100 கோடி ரூபாயைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி 2014 ஆகஸ்ட்டில் செபி உத்தரவிட்டது. நிலங்களை விற்றுப் பணத்தைத் திருப்பித் தர 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி நீதிபதி லோதா தலைமையில் கமிட்டி அமைக்கப்பட்டது. பணம் போட்டவர்களின் எண்ணிக்கை கோடிகளில். தெரிந்த முகம் வந்து கேட்டதால் நம்பிக் கொடுத்தவர்கள் அதில் எத்தனையோ பேர்.

வாங்கியவர் வேண்டாம், விற்றவர் வேண்டும்

சரி, யார்தான் மென்டர்? எல்லாரிடமும் பேசிய பிறகு என் மனதில் நின்றது இதுதான். மனை வாங்கியவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். 'ரெண்டு லட்சத்துக்கு வாங்கினேன், இப்ப இருபது லட்சம் போகுது' என்பார்கள். அது அவர்கள் மனதில் இருக்கும் விலை. யாரும் அந்த விலையைக் கையில் கொடுக்கவில்லை. ஒரு மனையையாவது விற்றுப் பணத்தை எண்ணிப் பார்த்தவர்தான் உங்களுக்கு வேண்டும். வாங்கும்போது எல்லாரும் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். விற்கும்போதுதான் நம் பத்திரத்தில் இருக்கும் ஒவ்வொரு ஓட்டையும் வெளியே வரும். நாம் வாங்கியபோது பார்க்காமல் விட்டதை எல்லாம் நம்மிடம் வாங்க வருகிறவரின் வக்கீல் பார்ப்பார்.

நான் பேசியவர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். கணவரும் இவரும் சேர்ந்து 2008-ல் ஒரு மனை வாங்கினார்கள். மகள் கல்யாணத்துக்காக 2021-ல் விற்கப் போனார். விலை பேசி முடித்து, அட்வான்ஸும் வாங்கியாயிற்று. வாங்க வந்தவரின் வக்கீல் தாய்ப் பத்திரத்தைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "உங்களுக்கு விற்றவருக்கு இந்த நிலம் அப்பா வழியில் வந்திருக்கிறது. அவருக்கு அக்கா, தங்கை யாராவது உண்டா?" இரண்டு தங்கைகள் இருந்தார்கள். ஒருவர் கையெழுத்தும் பத்திரத்தில் இல்லை.

இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பா தானே சம்பாதித்த சொத்தை உயில் எழுதாமல் விட்டுப் போனால் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. இது 1956-லிருந்தே இருக்கிறது. பூர்வீகச் சொத்திலும் மகளுக்குப் பங்கு தரும் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989-லேயே கொண்டுவந்தது. நாடு முழுமைக்கும் 2005-ல் வந்தது. ஆனாலும் 'பொண்ணுங்களுக்குத்தான் நகை போட்டு அனுப்பிட்டோமே' என்று அண்ணன் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. அந்த இரண்டு தங்கைகளையும் தேடிப் பிடித்து, பேசி, ஆளுக்கொரு தொகை கொடுத்து, விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கப் பதினான்கு மாதம் ஆனது. கல்யாணம் வட்டிக்கு வாங்கிய பணத்தில் நடந்தது.

"மனை வாங்குறதுக்கு முன்னாடி அவருக்குத் தங்கச்சி இருக்காங்களான்னு ஒரு வார்த்தை கேட்கணும்னு யாராவது சொல்லியிருந்தா போதும்மா" என்றார் அந்த அம்மா. இன்று அவர் தெருவில் யார் இடம் வாங்கினாலும் முதலில் அவரிடம்தான் காகிதத்தைக் கொண்டுவருகிறார்கள். பைசா வாங்குவதில்லை. இப்படி ஒருவரைத்தான் நம் வாசகி தேட வேண்டும்.

இவர்கள் விளம்பரம் செய்ய மாட்டார்கள், விசாரித்தால்தான் கிடைப்பார்கள். ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர், சர்வேயர், பதிவுத்துறையில் வேலை பார்த்தவர், கூட்டுறவு வங்கியில் அடமானப் பத்திரம் பார்த்தவர், பங்கு பிரித்துப் பிரித்தே அனுபவப்பட்ட குடும்பத்துப் பெரியவர்... உங்கள் சொந்தத்திலோ அலுவலகத்திலோ ஒருவராவது இருப்பார். ஒரே நிபந்தனை, நீங்கள் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அவருக்கு ஒரு ரூபாய் லாபமோ நஷ்டமோ இருக்கக் கூடாது. இருவர் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுக்கும்போதுதான் நாம் நிறையக் கற்றுக்கொள்கிறோம்.

அவருக்குப் பத்திரம் படிக்கத் தெரியும், உங்களுக்கு ஓடிபி போடத் தெரியும்

'அவர் ஏன் எனக்காக நேரம் ஒதுக்க வேண்டும்?' என்று தயங்க வேண்டாம். இந்தத் தலைமுறைக்கு அவர்களிடம் கொடுக்க ஒன்று இருக்கிறது. வில்லங்கச் சான்றை இன்று பதிவுத்துறை இணையதளத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு விவரங்களும் வருவாய்த்துறையின் இணையச் சேவையில் கிடைக்கின்றன. வழிகாட்டி மதிப்பும் அப்படியே. ஆனால் அறுபதைத் தாண்டிய பலருக்கு கேப்ச்சா, ஓடிபி என்றாலே அலர்ஜி. அவருடைய சொந்த நிலத்தின் பட்டாவை போனில் எடுத்துக் காட்டிப் பாருங்கள், அன்று மாலை முழுக்க உங்களுக்குத்தான். காபியும் வரும்.

போகும்போது 'ரியல் எஸ்டேட் பற்றிச் சொல்லுங்க அங்கிள்' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். ஒரு குறிப்பிட்ட சர்வே எண்ணோடு போங்கள். வாங்கும் உத்தேசமே இல்லாத இடமாக இருந்தாலும் பரவாயில்லை. முப்பது வருட வில்லங்கச் சான்றை எடுத்து, பழைய பதிவிலிருந்து புதியதை நோக்கி ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு பதிவிலும் எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் என்று இருக்கும். இன்று எழுதி வாங்கியவர்தான் அடுத்த பத்திரத்தில் எழுதிக் கொடுத்தவராக வர வேண்டும். சங்கிலி மாதிரி. நடுவில் சம்பந்தமில்லாத ஒரு பெயர் முளைத்தால், அங்கே ஒரு சாவோ, உயிலோ, பாகப்பிரிவினையோ நடந்திருக்கிறது. 'அந்தக் காகிதம் எங்கே?' என்று கேட்கக் கற்றுக்கொள்வதுதான் முதல் பாடம்.

இரண்டாவது பாடம் இன்னும் முக்கியம். 'ஈசி கிளியரா இருக்கு' என்பதை வேத வாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. பதிவானது மட்டும்தான் வில்லங்கச் சான்றில் வரும். பதியாத உயில், வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட பாகம், கோர்ட்டில் நடக்கும் வழக்கு, ஒரிஜினல் பத்திரத்தைத் தனியாரிடம் கொடுத்து வாங்கிய கடன் எல்லாம் அதில் தெரியாமல் போகலாம். அதனால்தான் ஒரிஜினல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்கிறார்கள் அனுபவசாலிகள். ஜெராக்ஸைக் காட்டி 'ஒரிஜினல் ஊர்ல இருக்கு' என்று சொன்னால், 'ஊருக்கே வர்றேன்' என்று சொல்லுங்கள்.

அதே போல் கோயில் நிலம், வக்பு நிலம், புறம்போக்கு, பஞ்சமி நிலம். 1892-ல் ஆங்கிலேய அரசு பட்டியல் சாதியினருக்கென ஒதுக்கியவைதான் பஞ்சமி நிலங்கள். மற்றவர்களுக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுக்கப்பட்டவை. பல கை மாறி, இன்று சாதாரண மனையாகக் கண்ணில் படலாம். இதையெல்லாம் பழைய வருவாய் ஆவணங்களைப் புரட்டத் தெரிந்த ஒருவர்தான் சொல்லித் தர முடியும்.

காகிதம் முடிந்ததும் களம். புலப்பட நகலைக் கையில் வைத்துக்கொண்டு மென்டரோடு ஒரு முறை அந்த இடத்துக்குப் போய் வாருங்கள். நகலில் இருக்கும் அளவு தரையில் இருக்கிறதா, நான்கு எல்லைகள் பத்திரத்தில் சொன்னபடி இருக்கின்றனவா என்று பாருங்கள். பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து 'இந்த இடம் யாரோடதுங்க?' என்று கேட்டால் வரும் பதிலும், பத்திரத்தில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருந்தால் நிம்மதி. இன்னொரு முறை ஐப்பசி, கார்த்திகை மழையில் போங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் என்ன நடந்தது என்பது நினைவிருக்கும். வெயிலில் பார்த்தால் எல்லா ஏரியும் மைதானம்தான்.

முதல் நாளே பத்து சதவிகிதம் பின்னால்

இப்போது அந்த 9 சதவிகிதக் கணக்கு. 800 சதுர அடி மனை, அடி 1,000 ரூபாய் என்று வையுங்கள். விலை 8 லட்சம். முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம் 56,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம் 16,000 ரூபாய். ஆக 72,000. அரசின் வழிகாட்டி மதிப்பு இதைவிட அதிகமாக இருந்தால் அந்த மதிப்புக்குக் கட்ட வேண்டும். புரோக்கர் கமிஷன், வக்கீல் கட்டணம், பத்திர எழுத்தர் கூலி எல்லாம் சேர்த்தால் விலையில் பத்து சதவிகிதத்தைத் தாண்டிவிடும். அதாவது பத்திரம் பதிந்துவிட்டு வெளியே வரும்போதே நீங்கள் 80,000 ரூபாய்க்கு மேல் பின்னால் நிற்கிறீர்கள். மனை விலை அந்த அளவு ஏறினால்தான் போட்ட காசு திரும்பும். ஆறு மாதத்தில் வாங்கி விற்கும் யோசனையை மூட்டை கட்டி வையுங்கள். பெண்கள் பெயரில் பதிந்தால், 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவிகிதம் சலுகை 2025 ஏப்ரல் முதல் இருக்கிறது. நம் வாசகிக்கு அதில் 8,000 ரூபாய் மிச்சம்.

நிலத்திலிருந்து வாடகையும் வராது என்பதைப் பலரும் மறந்துவிடுகிறோம். வெறும் மனை சும்மாதான் கிடக்கும். முள்ளை வெட்ட, வேலி போட, நாம்தான் செலவு செய்ய வேண்டும். கையில் ஓரிரண்டு லட்சம்தான் இருக்கிறது, ஆனாலும் ரியல் எஸ்டேட்டில் கால் வைக்க வேண்டும் என்பவர்களுக்குப் பங்குச்சந்தையில் 'ரீட்' யூனிட்டுகள் இருக்கின்றன. அலுவலகக் கட்டடங்கள், மால்களின் வாடகையில் பங்கு கிடைக்கும் ஏற்பாடு. இந்தியாவில் முதல் ரீட் 2019-ல் பட்டியலானது. இதன் விலையும் ஏறும், இறங்கும். அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

வாசகியின் விஷயத்துக்கு வருகிறேன். நேராகவே சொல்கிறேன், அம்மாவின் நகையைத் தொடாதீர்கள். அவசரத்துக்கு நகை ஒரு மணி நேரத்தில் பணமாகும். மனை பணமாக மாதங்கள், சில சமயம் வருடங்கள் ஆகும். முதல் மனையில்தான் நாம் அதிகம் கற்றுக்கொள்ளப் போகிறோம். அந்தக் கட்டணத்தை அம்மா கட்ட வேண்டாம். உங்கள் 6 லட்சத்துக்குள், பதிவுச் செலவும் அடங்கும்படி எது கிடைக்கிறதோ அதைப் பாருங்கள். கிடைக்கவில்லையா, இன்னும் ஒரு வருடம் சேமியுங்கள்.

பவர் ஏஜென்ட் கையெழுத்துப் போடுகிறார் என்றால், பவர் கொடுத்த உரிமையாளரை நேரில் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பொதுவாக, பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்த பவரும் செத்துப்போகும். அதனால்தான் அவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கான சான்றைப் பதிவின்போது கேட்கிறார்கள். 'பவர் எழுதி உங்க பேருக்கே மாத்திடலாம், பத்திரச் செலவு மிச்சம்' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பவர் பத்திரத்தால் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தீர்ப்பு சொல்லிவிட்டது.

மனை அங்கீகாரம் பெற்றதா என்பதும் இருக்கிறது. அனுமதியற்ற மனைகளைப் பதிய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான அத்தகைய மனைகளை வரன்முறைப்படுத்த அரசு 2017-ல் விதிகள் கொண்டுவந்தது. எனவே டிடிசிபி அல்லது சிஎம்டிஏ அனுமதி எண்ணைக் கேளுங்கள், அல்லது வரன்முறை உத்தரவைக் கேளுங்கள். 'அப்ளை பண்ணியிருக்கோம்' என்பது பதில் ஆகாது.

அட்வான்ஸ் கொடுக்கும் கட்டம் வந்தால், 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே கூடாது என்பது வருமான வரிச் சட்டம். வங்கி வழியாகவே கொடுங்கள். ஆணையத்தில் பதிவான திட்டமாக இருந்தால், விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவிகிதத்துக்கு மேல் புரமோட்டர் வாங்க முடியாது.

மாதக் கடைசி கெடு? 'வேற பார்ட்டி ரெடியா இருக்காங்க' என்பது, நான் பேசிய அத்தனை பேரும் கேட்டிருக்கிற வசனம். அந்த ஆசிரியை அம்மாவும் 2008-ல் கேட்டாராம். அந்த 'வேறு பார்ட்டி'யை இதுவரை யாரும் நேரில் பார்த்ததில்லை.

கடைசியாக ஒன்று. மென்டர் சரி என்று சொன்ன பிறகும் வக்கீலிடம் சட்டக் கருத்து வாங்குங்கள். விற்பவர் காட்டும் வக்கீலாக இருக்கக் கூடாது, நீங்கள் ஃபீஸ் கொடுக்கும் வக்கீலாக இருக்க வேண்டும். 'பேங்க் லோன் கிடைக்குது, அப்ப டைட்டில் சரியாத்தான் இருக்கும்' என்றும் இருந்துவிடாதீர்கள். வங்கியின் வக்கீல் வங்கிக்காகப் பார்க்கிறார். ஆனால் வங்கி லோன் தர மறுத்தால், காரணத்தைக் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அது காசு கொடுக்காமல் கிடைக்கும் ஆலோசனை.

அந்த ஆசிரியை அம்மாவிடம் கிளம்பும்போது கேட்டேன், ஒரு மனை வாங்கும் முன் எத்தனை மனையின் காகிதங்களைப் படிக்க வேண்டும் என்று. "பத்தாவது படிச்சுப் பாரு. ஒன்பது வேண்டாம்னு நீயே சொல்லுவ" என்றார். அந்தப் பத்துக்கும் சேர்த்து ஆறு மாதம் ஆகலாம் என்கிறார். நம் வாசகி இந்த வாரம் அம்மாவின் ஊரில் ஓய்வுபெற்ற சர்வேயர் யாராவது இருக்கிறாரா என்று விசாரிக்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார். போகும்போது மதுராந்தகம் மனையின் சர்வே எண்ணும், முப்பது வருட வில்லங்கச் சான்றின் பிரின்ட்டும் கையில் இருக்கட்டும். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கும்படி பிரின்ட் எடுத்துக்கொண்டால் நல்லது.